மன்னிப்புக் கடிதம், ஐந்தாவது

சுங்கை லாலாங் காற்பந்துச் சங்கத்தில்
நான் செயலாளர், அதாவது
சவரிராயனின் வாய்க்குத் தட்டச்சாளர்.
இதுவரை அபராதம் ஆயிரத்து இருநூறு வெள்ளி.

எழுபத்தெட்டில் அவர் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர்,
மாநில அணிக்கு ஒன்பது ஆட்டம்.
பத்தாவதுக்கு முன்
பால் ஆலைக்காரனோடு மோதி முட்டி திரும்பிற்று.
தோட்டத்து டிரஸ்ஸர் அயோடின் தடவி
"நாளைக்குப் பெரட்டுக்கு வந்துடு" என்றார்.
நொண்டிக்கொண்டு போனார், வாய் திறக்கவில்லை.
அந்த ஒரு தடவைதான்.

சனிக்கிழமை தோற்றோம், நான்குக்கு ஒன்று.
நிருபர் ஒரே கேள்விதான் கேட்டார்.
"வடிகாலுக்கு வந்த காசு
தலைவர் வீட்டு வாசல்ல சிமெண்டாக் கிடக்கு.
என் கோல்கீப்பர் தூங்கிட்டான், எழுதிக்குங்க.
அவன எழுப்பாதது நான். அதையும்."

இன்று கடிதத்தை நீட்டினேன்.
'வருந்துகிறோம்' என்ற இடத்தில் பேனா நின்றது.
"யாருய்யா இந்த 'றோம்'?"
அடித்து, 'வருந்துகிறேன்' ஆக்கி
என் பெயரைச் சுற்றி வட்டம் போட்டுத் தந்தார்.

நான் இன்னும் கையெழுத்திடவில்லை.
சன்னலுக்கு வெளியே பையன்கள்
திடலின் தண்ணீரை இறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.
கோல்கீப்பருக்குப் பெரிய வாளி.
அதைவிடப் பெரியது
நொண்டியபடி அவர் தூக்கி வருவது.