பன்னிரண்டு புள்ளி ஆறு

சிகரெட் லைட்டர் துளையில் செருகியது முதல் தவறு.
பேசும் பொத்தானை அமுக்கியதும்
பிளாஸ்டிக் கருகும் மணம்.
உப்புவெளியில் வானை ஓரங்கட்டி
வெறுங்கையால் பிடுங்கினேன்.
பெருவிரலில் தழும்பு இன்னும் இருக்கிறது.

அநுராதபுரச் சந்தி, மிஸ்வரின் கராஜ்.
பற்றரியிலிருந்தே நேராக இரண்டு தடித்த வயர்.
சிவப்புக்கு ஒரு பியூஸ், கறுப்புக்கும் ஒன்று,
முனையிலிருந்து ஒரு சாண் தள்ளாமல்.
"கறுப்புக்கு என்னத்துக்கு?" என்றான்.
எஞ்சினின் எர்த் வயர் ஒருநாள் கழன்றால்
ஸ்டார்ட்டர் இழுப்பதெல்லாம்
என் றேடியோவுக்குள்ளால் ஓடும் என்றேன்.
கொஞ்சம் யோசித்துவிட்டு
யாரோ ஒரு லொறிக்காரனைத் திட்டினான்.
தகட்டில் துளை போட்டான்,
துளையின் உதட்டுக்கு ரப்பர் வளையம்:
குலுங்கும் வண்டியில் தகரத்துக்குப் பல் உண்டு.

அதற்குப் பிறகும் ஒரு சிணுங்கல்.
மிதிக்க மிதிக்க உயர்ந்து
கந்தளாய் வீதி நெடுகிலும்
என் குரலுக்குப் பின்னால் வந்தது.
மாலைதீவில் ஒருவர்
"உங்கள் நுளம்பு சுகமா?" என்று விசாரித்தார்.
ஒல்ட்டனேற்றரைக் கழற்றினோம். ஒரு டயோட் செத்திருந்தது.
இவ்வளவு சின்னச் சாவுக்கு
அவ்வளவு நீளமான ஒப்பாரி.

சீனக்குடா வளைவில் கடற்படைப் பொடியன் மறித்தான்.
டோர்ச் வெளிச்சம் வயரின் மேல் நகர்ந்தது,
பற்றரி, பியூஸ், வயர், மறுபடி பற்றரி.
எனக்கு வாய் உலர்ந்தது.
ஒரு காலத்தில் இதே மூன்றும் ஒரு வண்டியில் இருந்தால்
வண்டிக்காரனின் பெயரை
வீட்டார் மட்டுமே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.
உரிமத்தை நீட்டினேன்.
முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் கேட்டான்:
"இதில கிரிக்கட் எடுக்குமா?"

இப்போது நிலாவெளி. எஞ்சின் நிறுத்தியாயிற்று.
மீட்டரில் பன்னிரண்டு புள்ளி ஆறு.
நான் பேசும்போதெல்லாம் இறங்குகிறது,
வாயை மூடினால் மெல்ல ஏறுகிறது,
ஆனால் விட்ட இடத்துக்கு இல்லை.
ஒன்பதரைக்குப் பன்னிரண்டு புள்ளி இரண்டு.
அதற்குக் கீழே பேசுவதில்லை, அது என் சட்டம்.
அப்போதுதான் ஒருவன் கூப்பிடுகிறான்,
மிகத் தூரம், மணலில் கால் புதைவது போன்ற குரல்,
யாராவது இருக்கிறீர்களா, யாராவது.
விரல் பொத்தான் மேல்.
காலை ஐந்துக்குக் கொட்பேயில் ஐஸ் ஏற்ற வேண்டும்,
இந்த வான் ஒரே திருப்பில் எழும்ப வேண்டும்.

இருக்கிறேன்.
அவன் இன்னும் கூப்பிடுகிறான்.
டயலைத் திருப்பாமல் இருக்கிறேன்.