பாதிப் பறவை

இன்வர்கார்கில் தேவாலயத்துப் பழம்பொருள் கடையில்
'ரொட்டிப் பெட்டி' என்று எழுதி
பன்னிரண்டு டாலர் போட்டிருந்தார்கள்.
மூங்கில் சட்டம், மேலே காக்கித் துணி,
இரண்டு தோல்வார்,
பக்கத்துக்கு எட்டுக் கண்துளைகள்.
ரொட்டிக்கு எதற்கு இத்தனை காற்று?

எங்கிருந்து வந்தது என்று கடையில் இருந்த ஐலீனுக்கு நினைவில்லை.
யாரோ செத்த வீட்டைக் காலி செய்தபோது
தூண்டில் கம்புகளோடு வந்ததாம்.

ரேடியோ உறை என்றார் என் கணவர்.
சிப்பிக் கொட்டகையில் பக்கத்தில் நிற்கும் மெரேயானா
கத்தியை எடுக்காமலே சொன்னாள்:
"பூனையைக் கொண்டுபோக."

மூடியின் உட்புறம் கறுப்பு முத்திரை ஒன்று.
அலுமினிய ஆலைக்கு வந்திருக்கும் குசுனோகி
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.
ஷோவா பதினாறு. நம் கணக்கில் நாற்பத்தொன்று.
ராணுவம். சோதித்தாயிற்று.
அடுத்த எழுத்தில் விரல் நின்றது.
இடப்பாதி அழிந்திருந்தது. வலப்பாதி, பறவை.
"அழிந்தது ஒன்பது என்றால் புறா.
கவசம் என்றால் வாத்து."
தேநீர் ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"வாத்தாகவே இருந்திருக்கலாம்," என்றார், சிரிக்காமல்.

இரவு மாட்டிப் பார்த்தேன்.
முதுகில் நிற்கவில்லை, சரிந்து சரிந்து விழுந்தது.
திருப்பி மார்பில் போட்டேன்.
வழி தெரிந்தவைபோல வார்கள் தோளில் படிந்தன.
மூடி என் முகவாய்க்குக் கீழே திறந்தது.

சனிக்கிழமை
பந்தயப் புறா வளர்க்கும் லாக்லன் டல்லோக்
சாம்பல் பெட்டை ஒன்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு
ப்ளஃபிலிருந்து வந்தார், மழையோடு.
உள்ளே விட்டதும் ஒரு சுற்றுச் சுற்றி
மூலையில் அமர்ந்து கழுத்தை இழுத்துக்கொண்டது.
"வாத்து இல்லை," என்றார்.

துணி மெல்லியது.
அது மூன்று அடிப்பதற்குள் எனக்கு ஒன்று.
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
முற்றத்தில் திறந்துவிட்டோம்.
லாக்லனின் வண்டிக்கு முன்பே அது வீடு போய்ச் சேர்ந்துவிட்டது.

இப்போது அடுக்களை ஆணியில் தொங்குகிறது.
வெங்காயம் போடலாம் என்கிறார் கணவர்; போடவில்லை.
இடுப்பு வாரில் ஆலை குத்திய துளைகள் ஐந்து,
ஒவ்வொன்றிலும் கொக்கி உரசிய தழும்பு, வரிசையாக.
எனக்கு இரண்டாவது சரி.
ஐந்துக்கும் அப்பால் ஆறாவது ஒன்று,
ஆணியால் குத்தியது, ஓரம் பிசிறி.
நேற்று அதில் மாட்டிப் பார்த்தேன்.
மூச்சு விட முடியவில்லை.
யாரோ விட்டிருக்கிறான்.