ஐந்து அங்குலம்

கணேசபுரம் சுரங்கப்பாதையில்
இடுப்பளவுத் தண்ணீரில் பிக்கப் நின்றுபோய்
எண்பது பார் ஐஸ்
என் கண்ணெதிரே தண்ணீரோடு தண்ணீராகப் போனதை
இன்னொரு மழைக்குப் பார்க்க மாட்டேன் என்று
நாலு டயரையும் மாற்றினேன்.

தண்டையார்பேட்டை டில்லி சொன்னான்:
"பெர்சா போட்டுக்கோக்கா.
சும்மா யானை கணக்கா நிக்கும்."

நின்றது.
தரைக்கும் வண்டிக்கும் நடுவில்
கூடுதலாக இரண்டு சென்டிமீட்டர்.
இடுப்பளவுத் தண்ணீருக்கு அது எந்த மூலைக்கு என்று
பணம் எண்ணும்போது கேட்கத் தோன்றவில்லை.

முதலில் சத்தம்.
காசிமேடு கேட்டில் முழுசாக ஒடித்தால்
மட்கார்டை நக்கிக்கொண்டு திரும்புகிறது சக்கரம்.
மேம்பாலத்தில் ஏற்றினால்
முதல் கியர் தொண்டையைக் கமறுகிறது.
பிரேக்கை மிதித்தால்
நான் நினைத்த இடத்துக்கு ஒரு மீன்கூடை தள்ளி நிற்கிறது.
பழகிவிட்டேன்.
வாய்க்கு ஒத்துவராத பல்செட்டுக்கே ஆள் பழகுகிறார்கள்.

பிறகுதான் பழவேற்காடு.
போக வர நூற்றுப் பத்து.
ஐந்து வருடமாக நூற்றுப் பத்து.
புது டயர் போட்ட வாரம் மீட்டர் சொன்னது: நூற்று நாலு.

எண்ணூரில் கடல் கரையைத் தின்பது தெரியும்.
ரோட்டை யார் தின்றது?

ஐஸ் கம்பெனி கிலோமீட்டருக்குப் பதினாறு ரூபாய் தரும்.
ஆறு பதினாறு தொண்ணூற்றாறு.
மாசத்துக்கு இருபத்தாறு நடை.
நாலு ரூபாய் குறைய இரண்டாயிரத்து ஐந்நூறு.
தவணைக்காரன் அந்த நாலு ரூபாயைக்கூட விடமாட்டான்.

"மீட்டருக்கு ரோடு தெரியாதுக்கா," என்றான் டில்லி,
நட்டு முறுக்கியபடி.
"எத்தினி தபா சுத்துச்சுன்னுதான் தெரியும்.
ஒரு சுத்துல நீ எவ்ளோ தூரம் போனா அதுக்கு இன்னா?"

அந்தச் சனிக்கிழமையே
விரைவுச் சாலையில் கை காட்டினார்கள்.
என் முள் ஐம்பதைத் தொடவில்லை.
அவர்கள் கருவியில் ஐம்பத்திரண்டு.
மாதாவின் மேல் சத்தியம் செய்தேன்.
ரசீது கொடுத்தார்கள்.

ரசீதோடு நேரே கம்பெனி.
கணக்கு எழுதும் மொகிதீன் நல்ல மனுஷன்,
அடுத்தவர் காசு என்றால்கூட இரண்டு தடவை எண்ணுவார்.
டயரில் சாக்பீஸ் கோடு, தரையில் சாக்பீஸ் கோடு.
ஐஸ் உடைக்கிற பையன்கள் வண்டியைத் தள்ள,
கோடு மேலே ஏறி, முன்னால் சரிந்து
மறுபடி தரை தொட்ட இடத்தில் டேப் பிடித்தோம்.
ஏழு அடி ஏழு அங்குலம்.
ஸ்டெப்னி இன்னும் பழைய அளவுதான்.
அதை இறக்கிப் பக்கத்திலேயே உருட்டினோம்.
ஏழு அடி இரண்டு.

ஈரத் தரையில் அந்த ஐந்து அங்குலம்.
மொகிதீன் அதன்மேல் உள்ளங்கையை விரித்து வைத்துப் பார்த்தார்.
எடுத்தார்.
"உன் கணக்கு சரி, பிலோமி.
ஆனா கம்பெனிக்கு மீட்டர்தான் சாட்சி."

காசு கொடுக்க மீட்டர்.
ஃபைன் போட ரோடு.
கத்தத்தான் வந்தேன். அதற்குள்
ஐஸ் சொட்ட ஆரம்பித்துவிட்டது.
லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

பழைய டயர்கள் டில்லி கடை வாசலில்தான் கிடக்கின்றன.
அவற்றின்மேல் உட்கார்ந்து ஆட்கள் டீ குடிக்கிறார்கள்.
திருப்பிக் கேட்கலாம்.
வானத்தைப் பார்க்கிறேன், கேட்காமல் வருகிறேன்.

இன்று விடியற்காலை
மீஞ்சூர் ரயில்வே கேட்டில் காத்திருக்கையில் பார்த்தேன்:
தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
இன்னும் ஒன்று உருண்டால் லட்சம்.
செல்போனை எடுத்து போட்டோவுக்குத் தயாராக வைத்தேன்.
அப்புறம் மடியில் போட்டேன்.

நிஜமான லட்சம் எப்போதோ கடந்திருக்கும்.
அத்திப்பட்டுப் பக்கம் ஏதோ ஒரு லாரிக்குப் பின்னால்,
நான் கொட்டாவி விட்ட நேரத்தில்,
ஐந்தைந்து அங்குலமாகச் சேர்ந்து.
யாரும் ஹாரன்கூட அடிக்கவில்லை.

கேட் திறந்தது.
முதல் கியர்.
தொண்டையைக் கமறிக்கொண்டு
தண்டவாளத்தின்மேல் ஏறியது வண்டி.