சட்டைப்பைகள்

செம்பூரில் மழை, நான்காம் நாள்.
ஹார்பர் லைன் குர்லாவோடு நின்றுவிட்டது.
சென்னையிலிருந்து மோகனரங்கம் மூன்றாம் முறை கூப்பிடுகிறார்:
"கொலைகாரன் யாருன்னு இன்னும் சொல்லலையே, மேடம்.
அச்சகத்துல தேதி வாங்கிட்டேன்."

பதினெட்டு வருடம், இருபத்தாறு நாவல்.
என் இன்ஸ்பெக்டர் தேவசகாயம்
ஒருமுறைகூடத் தவறியதில்லை.
செருப்பின் தேய்மானம் பார்த்து ஊரைச் சொல்வார்.
டீ கிளாசில் ஒட்டிய உதட்டுச்சாயம் பார்த்து
உறவைச் சொல்வார்.
முப்பதாம் அத்தியாயத்தில் எல்லோரையும் ஹாலில் உட்காரவைத்து
ஜன்னல் பக்கம் திரும்பி நின்றபடி
ஒவ்வொன்றாக அவிழ்ப்பார்.
வங்கியில் கவுண்டர் மூடியபின்
வவுச்சர்களின் பின்பக்கத்தில் நான் பெற்ற பிள்ளை.
எனக்குத் தெரியாதது அவருக்கும் தெரியாது என்பது
அப்போது எனக்கு உறைக்கவில்லை.

விருப்ப ஓய்வுப் பணத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு
போன மார்ச்சில் ஒரு கிரேக்கத் தீவுக்குப் போனேன்.
இரவில் எதிர்க்கரையில் துருக்கியின் விளக்குகள் தெரியும்.
தன்னார்வலர் படிவத்தில்
'உங்களுக்கு என்ன தெரியும்?' என்றிருந்த கட்டத்தில்
'கவனிக்கத் தெரியும்' என்று எழுதினேன்.
துணி துவைக்கிற கூடத்தில் போட்டார்கள்.

படகில் வந்தவர்களின் துணிகள்.
உப்பேறிக் காய்ந்து
ஆளில்லாமலே நிற்கிற கால்சராய்கள்.
எவாந்தியா சொன்னது இவ்வளவுதான்:
இயந்திரத்தில் போடுமுன் பைகளைக் காலி செய்.
கிடைத்ததை உறையிலிட்டு எண் எழுது.
யாரிடமும் எதுவும் கேட்காதே.

பித்தளைச் சாவி.
சிம் கார்டு.
பேரீச்சங்கொட்டை மூன்று.
கூழாகிப்போன பஸ் டிக்கெட்.
தடயங்கள்!
என் கை நடுங்கியது,
வெட்கத்தோடு சொல்கிறேன், சந்தோஷத்தில்.

எண் 212.
ஆண்கள் அணியும் பழுப்புக் கோட்டு. உள்பையில்
குழந்தையின் ரோஸ் நிறக் காலுறை, ஒற்றை.
அன்றிரவு தூங்கவில்லை.
அந்த அலையை, கவிழ்ந்த விளிம்பை,
அவன் பிடியிலிருந்து நழுவிய சின்னக் காலை
ஆறு பக்கம் எழுதினேன்.
நன்றாகவே எழுதினேன்.

மறுநாள் வரிசையில் அவர் வந்தார்.
உறையைப் பிரித்தார்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
காலுறைக்குள் செருகினார்.
அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது.
கண்ணைச் சுருக்கிக்கொண்டு, என் பக்கம் என்று நினைத்து
அலமாரியைப் பார்த்து நன்றி சொன்னார்.
அவருக்குப் பிள்ளைகளே இல்லை என்றாள் எவாந்தியா, சாயந்திரம்,
நான் கேட்காமலே.

ஆறு பக்கத்தையும் கிழிக்கவில்லை.
குற்றம் நடந்த இடத்தில்
என் கைரேகை அது ஒன்றுதான்.

இப்போது இருபத்தேழாவது நாவல், முப்பதாம் அத்தியாயம்.
ஹாலில் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.
தேவசகாயம் ஜன்னல் பக்கம் திரும்பினார்.
திரும்பியவர் நான்கு நாளாய் அப்படியே நிற்கிறார்.
விதவை இருமுகிறாள். மேலாளர் கடிகாரம் பார்க்கிறார்.
சமையற்காரன் எழுந்து
எல்லோருக்கும் இன்னொரு சுற்று டீ போடப் போகிறான்.

அழைப்பு மணி.
இஸ்திரிக்காரர் ராம்ஃபேர், முழங்கால்வரை நனைந்து,
மூட்டை மட்டும் நனையாமல்.
மேலே ஒரு குட்டி பாலிதீன் உறை, பின் அடித்து,
எங்கள் ஃபிளாட் எண்ணை ஹிந்தியில் எழுதி.
"ஜீன்ஸோட சின்னப் பையில இருந்தது."
துவைக்கிற கூடத்தில் என் பெட்டகத்தின் சாவி.
மஞ்சள் வில்லையில் இரண்டு கிரேக்க எழுத்து.
திருப்பிக் கொடுக்க மறந்து
கடல் கடத்திக் கொண்டுவந்திருக்கிறேன்.

பதினாலு உருப்படி, நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.
சில்லறை தேடுவதுபோல் தாமதித்தேன்,
கேட்பார் என்று.
அவர் சாவியைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
எனக்குப் பின்னால் ஹாலில்
காலியாய் இருந்த நாற்காலிகளைப் பார்த்தார்.
ஏதோ ஒரு முடிவுக்கு வந்தவராய்
மெல்லத் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார்.

கீழே குடை விரியும் சத்தம்.
மேஜையில் மோகனரங்கம், நான்காம் முறை.