மிச்சம் ஏழு

பாகலூர் சாலையில் டயர் கடைக்கு மேலே
எங்கள் அலுவலகம். நாலு மேசை, ஒரு ஏசி,
அதுவும் மதியத்துக்கு மேல் பேருக்குத்தான்.

மூன்று வாரமாய் ஒரே சண்டை:
முப்பது குண்டு கொள்ளும் மேகசீனில்
இருபத்து மூன்றைச் சுட்டுவிட்டு
ஒருவன் ரீலோட் அழுத்தினால்
மிச்சம் ஏழு எங்கே போகும்?

தரைக்கு, என்றேன் நான்.
கழற்றி எறிந்த மேகசீனோடு போகும்.
நிஜத்தில் அப்படித்தான்.
நிஜத்தில் நீ எதைச் சுட்டிருக்கிறாய், என்றாள் முனிரத்னா.
தேர்த் திருவிழாவில் பலூன்.
அதுவும் மூன்றுக்கு ஒன்று.

நான் அசைத்த கை 3.8 நொடி எடுத்தது.
கட்டைவிரல் தாழை அமுக்கும், பழையது நழுவும்,
உள்ளங்கை இடுப்பைத் தடவும்,
புதியது ஒருமுறை இடறி, பிறகு பொருந்தும்.
அந்த இடறலுக்கு மட்டும் இரண்டு இரவு.

ஞாயிற்றுக்கிழமை ஆடிப் பார்க்க வந்தான் திம்மராயன்,
கெலமங்கலத்துக்காரன்,
சிப்காட்டில் பிரஸ் மிஷின், பி ஷிஃப்ட்.
முதல் தடவை செத்தான், சிரித்தான்.
நாலாம் தடவை சிரிக்கவில்லை.
"அண்ணா, இது எத்தினி செகண்டு?"
சொன்னேன்.
"என் மிஷினும் அதேதாண்ணா.
தகட்டை வை, ரெண்டு கையாலும் பட்டனை அமுக்கு, எடு.
ஒரு ஷிஃப்டுக்கு அஞ்சாயிரம் தரம்.
இங்கியும் காத்திருக்கணுமா?"

முனிரத்னா என் பக்கம் திரும்பவில்லை.
திரும்பியிருக்கலாம்.

ஆனால் எல்லாரையும் சுட்டு முடித்த குடோனில்
ஒற்றையாய் நின்று
ஒரு குண்டைச் சுவரில் சுடுவான், ரீலோட்.
இன்னொன்று, ரீலோட்.
எதற்கடா?
"அந்த டக் நல்லாருக்குண்ணா."
அந்த டக்,
எங்கள் கழிவறைத் தாழ்ப்பாள்.
செல்போனில் பதிந்தது.

இரவு கிருஷ்ணகிரி பஸ். சூளகிரி தாண்டியதும்
நடத்துனரின் டிக்கெட் மிஷினில் காகிதச் சுருள் தீர்ந்தது.
புதியதைப் பல்லால் பிரித்தார், தவறவிட்டார்,
யாருடைய செருப்புக்கடியிலிருந்தோ எடுத்து
ஊதி மாட்டினார்.
எண்ணினேன், நாற்பத்தோரு நொடி.
யாரும் அவரைச் சுடவில்லை.
"மிச்சம் ஏழு ரூபா எறங்கும்போது வாங்கிக்கங்க."

ரவுண்டானாவில் இறங்கி
பஸ் நகர்ந்த பிறகுதான் நினைவு வந்தது.

நின்ற இடத்திலேயே முனிரத்னாவுக்கு அனுப்பினேன்:
இரண்டு நொடி போதும்.
ஏழும் திரும்பி வந்துவிடட்டும்.
இடறல் மட்டும் இருக்கட்டும்,
பத்துத் தடவைக்கு ஒருதரமாவது.