முப்பத்திரண்டு

உதுமான் கடையில் இறகுக்கு விலை கிடையாது.
"சாக்கை மட்டும் திருப்பிக் கொடுத்துருங்க" என்பார்.
ஞாயிறு மதியத்துக்குள் மூன்று சாக்கு.
செக்காலை ரோட்டு மெஸ்களில்
மிளகும் கல்பாசியும் பொரிகிற நேரம்
கோழியின் மிச்சத்தோடு ஸ்கூட்டியில் போகிறேன்.
ஒருமுறை திருப்பத்தில் முடிச்சு அவிழ்ந்து
பின்னால் வந்தவர் சட்டையெல்லாம் இறகு முளைத்தது.
வைதார். நியாயம்தான்.

ரத்தம் போக ஒரு நாள்,
கொழுப்புப் போக ஒரு நாள்.
காய்ந்ததை அரைத்தால் மூக்கு, புருவம், டிபன் பாக்ஸ்.
பிறகு சோடியம் சல்பைடு.
இறகை இறகாகப் பிடித்திருப்பது
கந்தகமும் கந்தகமும் கோத்த கை.
அதை விடுவித்தால்
அறை முழுக்க அழுகிய முட்டை நாற்றம்.
கோழியைக் கரைத்தால் கடைசியில் முட்டைதான் வருமென்று
அன்றைக்கு ஒரே சிரிப்பு.
அடுத்த அறை ரேணுகாதேவி மட்டும்
புகார் எழுதினாள்.

தேநீர் நிறக் கரைசல்.
சவ்வுப் பையில் மூன்று நாள்,
தண்ணீர் மாற்றி மாற்றி.
சம்பை ஊற்று இருக்கிற ஊர்;
அந்த இனிப்பு இதற்கு உதவாது,
ருசியே இல்லாத தண்ணீர் வேண்டும்.

புரதத்தின் முதுகில் பாலிமர் கிளைகளை வளர்த்தேன்.
பதினேழாவது முறை கூழ் நின்றது.
கட்டுரைகள் சொல்வது:
முப்பத்திரண்டு டிகிரிக்குக் கீழே கண்ணாடி,
மேலே பால்.
குளிரில் தண்ணீரை அணைத்துக்கொள்ளும்,
சூட்டில் உதறிவிட்டுச் சுருங்கும்.

எழுதியவர்கள் பனி பெய்கிற ஊர்க்காரர்கள்.
அவர்களுக்கு அறை என்றால் இருபது.
காரைக்குடி மே மாதத்தில்
என் மேசை முப்பத்தாறு.
கரண்ட் போனால் ஏசி போகும்,
ஏசி போனால் எல்லாக் குப்பியும்
ஒன்றன்பின் ஒன்றாய் வெளுக்கும்.
"சிகப்பி, தெளிவா இருக்கிற படம் ஒண்ணுகூட இல்லையா?"
ஃப்ரிட்ஜைத் திறந்து எடுத்தேன்.
கேமரா கிளிக் ஆவதற்குள் ஓரம் வெளுத்திருந்தது.

உயிரோடிருக்கையில்
குளிருக்குச் சிலிர்த்து, வெயிலுக்குப் படிந்த இறகு
அந்த வேலையை மறக்கவில்லை என்று எழுத ஆசை.
பொய். புரதத்துக்கு ஞாபகம் கிடையாது.
சூடு அறிவது நான் ஒட்டவைத்த கிளை.
அடுத்த மாதம் அதை
முப்பத்தொன்பதுக்கு ஏற்றிப் பார்க்க வேண்டும்,
இந்த ஊருக்கென்று ஓர் எல்லை.

சாக்கைத் திருப்பித் தரப் போனபோது
குப்பியையும் கொண்டுபோனேன்.
"இது எந்தக் கோழி?"
"எல்லாக் கோழியும்."
மீன் வைக்கிற ஐஸ் பெட்டிக்குள் வைத்தார்.
தெளிந்தது. அதன் வழியாகத்
தன் கட்டைவிரலைப் பார்த்தார்.
வெளியே எடுத்தார். உள்ளே வைத்தார். எடுத்தார்.
"இத வச்சு என்ன செய்வீங்க?"
காயத்துக்குக் கட்டு, மருந்து விடும் உறை
என்று தொடங்கினேன்.
அதற்குள் ஒருவர் வந்து
ஒன்றரைக் கிலோ கேட்டார், தோல் உரித்து.

உதுமான் கத்தியைத் துடைத்தார்.
தராசுக்குப் பக்கத்தில்
யாரும் எடை போடாத அது
வெளுத்துக்கொண்டிருந்தது.