பிளக்

கல்லடியில் டொக்டர் வீட்டுச் செவ்வரத்தை வேலி.
முக்கால்வாசி வெட்டியிருப்பேன்,
கரண்ட் போனது.
மிசினின் பல்லுக்கிடையில் ஒரு தடி,
பட்டை உரிந்து, இறுகி.

அமத்திப் பிடிக்கிற விசையில்
டியூப் ரப்பர் சுற்றியபடி.
விரல் நோகுதென்று புவிதரன் மச்சான் கட்டினது.
அவருடைய வலக் கையுறையில்
இரண்டு விரல் இப்போது சும்மா தொங்கும்.

செத்துத்தானே கிடக்கு, இழு, என்றது கை.
நான் வயரின் வழியே
மணலில் நடந்தேன், விறாந்தை மட்டும்,
பதினெட்டு எட்டு.
கழற்றினேன்.

திரும்பி வந்து தடியில் கை வைக்க
உள்ளே ஃபேன் சுழன்றது,
தண்ணி மோட்டர் இரைந்தது,
பக்கத்து வீட்டு றேடியோ
பாதிச் சொல்லில் தொடங்கியது.

என் விரல்களுக்கு நடுவே
பற்கள் மட்டும்
பேசாமல் இருந்தன.

ஜன்னலால் குரல்:
"கரண்ட் வந்திட்டு, இன்னும் என்ன நிக்கிறீங்க?"

பேனாக்கத்தி தேடிக்கொண்டிருந்தேன்,
ரப்பரை அறுக்க.